பின்வாசலில் ஆமை, கட்டிலில் ராக்கப்பன்

மார்க்கையன்கோட்டை நீர்பாய்ச்சி ராக்கப்பன் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடப்பார் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் விடியும்போதே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு மடையாகத் திறந்து, ஒவ்வொரு வயலுக்கும் அதன் முறைப்படி தண்ணீரை விட்டு, கடைசி மடை வரைக்கும் போய்த் திரும்புவார். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்கிற கணக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் தலைக்குள்தான் இருந்தது. வயல் வைத்திருந்த சம்சாரிகளில் அவரோடு சண்டை போடாத ஆள் அந்த ஊரில் கிடையாது. வேறு ஆளைப் போடலாம் என்று சொன்ன சம்சாரியும் கிடையாது.

1937-ஆம் வருஷம், மாசிக் கடைசியில், அவர் புளியமரத்திலிருந்து விழுந்தார். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிட்டதால் வேலை ஓய்ந்திருந்த நேரம். சொந்தக்காரர் ஒருவருக்குப் புளி உலுக்கிக் கொடுக்க ஏறியவர், கிளை முறிந்து, உட்கார்ந்த வாக்கில் தரையில் வந்து விழுந்தார். முதுகெலும்பின் அடிப்பக்கம் ஓர் எலும்பு நொறுங்கிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். நரம்பு முழுதாக அறுந்துபோகவில்லை, இடது கால் விரல்கள் அசைகின்றன, உடம்பை வேலை வாங்கினால் கால்கள் ஓரளவுக்குத் திரும்பலாம், படுத்தே கிடந்தால் திரும்பாது என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காகிதம் என்னிடம் வந்தது. உத்தமபாளையத்தில் ஒரு சின்ன வைத்தியசாலையில் நான் அப்போது நர்ஸாக இருந்தேன். சுற்று ஊர்களுக்குப் போய் வீட்டிலேயே புண் கழுவிக் கட்டு மாற்றுவது என் வேலையில் பாதி. செவ்வாயும் சனியும் பஸ்ஸில் சின்னமனூர் வந்து, அங்கிருந்து மார்க்கையன்கோட்டைக்கு நடப்பேன்.

ராக்கப்பன் வீட்டில் நான்கு பேர். அவருக்கு முப்பத்தெட்டு வயது. மனைவி சங்கிலியம்மாள் என் வயதுக்காரி, பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு வயது மகள் ராஜாத்தியும் அம்மாவோடு போய்விடுவாள். நான்காவது ஆள் ராக்கப்பனின் அக்கா மாயக்காள். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர், மோர் விற்பார். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். அந்த வீடு கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மண் சுவர், ஓட்டுக் கூரை. சுவருக்கு மண் குழைத்தது முதல் எல்லாம் ராக்கப்பனும் சங்கிலியம்மாளும் தங்கள் கையால் செய்தது.

நான் முதல் தடவை போனபோது அவர் இருட்டான உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். புரட்டிப் பார்த்தேன். முதுகின் அடியில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புண் வைத்திருந்தது. படுத்தே கிடப்பவர்களை முதுகெலும்பு கொல்லுவதில்லை, இந்தப் புண்தான் கொல்லும். உள்ளே உள்ளே போய் எலும்பைத் தொட்டு, ரத்தத்தில் விஷம் ஏறிவிடும். மருந்து போடுவது அதற்குப் பாதி வைத்தியம். ஆள் முதுகை விட்டு எழுந்திருப்பது மீதிப் பாதி.

கட்டிலைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். அங்கே வெளிச்சமும் காற்றும் உண்டு, எதிரே தோட்டம். பின்கதவையும் பகலெல்லாம் திறந்து வைக்கச் சொன்னேன். அதை எல்லாம் கேட்டார்கள். அடுத்ததைத்தான் ராக்கப்பன் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து பாயில் இறங்கிக் குப்புறப் படுக்க வேண்டும், முழங்கையை ஊன்றி உடம்பை இழுக்க வேண்டும், கைக்குழந்தை தவழ்ந்து பிறகு நிற்பது போல உடம்பு முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மடையில நின்னு ஊரையே அதட்டுனவன் நானு. புழு மாதிரி தரையில ஊந்து போறதப் பாக்கவா எல்லாரும் காத்துக் கெடக்காக?"

ஆறு வாரம் இதே பதில்தான். பாயைக் கொண்டுவந்து விரித்தால் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு பேர் பிடித்து இறக்கலாம் என்றால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார், கையில் பலம் குறையவில்லை. புண் பெரிதாகிக்கொண்டே வந்தது. நோயாளியிடம் மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு சனிக்கிழமை, அக்காவும் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போதே, இப்படியே கிடந்தால் ஐப்பசி தாண்ட மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "ஐப்பசியில எத்தனாந் தேதி நர்ஸம்மா? அதுக்குள்ள அவரைக் கொடி காய்ச்சிருமான்னு பாக்கணும்."

சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆமைகள் வந்தது வைகாசியில். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் குழிகளில் தேங்கியிருந்த கடைசித் தண்ணீரும் வற்றிவிட்டது. அந்தத் தெருவில் ஈரமாக இருந்த இடம் ராக்கப்பன் தோட்டம் ஒன்றுதான். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகும். துவைகல்லிலிருந்து வழியும் தண்ணீர், பின்வாசலுக்குப் பத்தடி தள்ளி, இரண்டு வாழையின் அடியில் சேறாகத் தேங்கும். ஒரு காலை மாயக்காள் பாத்திரம் கழுவப் போனபோது அந்தச் சேற்றில் ஒரு கல் கழுத்தை நீட்டிப் பார்த்ததாம்.

பாலாமை. ஒரு முறத்தில் பாதி அளவு இருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த முதுகு, வெளிறிப்போன வயிறு. தொட்டால் தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் தோல் மடிப்புகளைக் கதவு சாத்துவது போலச் சாத்திக்கொள்ளும். மாயக்காள் அதை முறத்தில் தள்ளி வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தோட்டம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மறுநாள் அங்கேயே இரண்டு கிடந்தன. அந்த வாரத்துக்குள் மூன்று என்று ராக்கப்பன் கணக்குச் சொன்னார். ஒன்றுக்கு முதுகில் வெட்டுத் தழும்பு, ஒன்றுக்கு ஒரு பக்கம் நசுங்கல், மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. கட்டிலில் கிடந்தவருக்குத் தரைதான் கண்ணுக்கு நேராக இருந்தது. அதனால் அவற்றை எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீடு அழிந்துவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. தோட்டத்தில் கிடந்தால் பயம், வாசல்படி தாண்டினால் தீர்ந்தது. அப்புறம் வீட்டைப் பூட்டி, ஆறு மாதம் விளக்கேற்றாமல் போட்டு, சாந்தி செய்துதான் திரும்பக் குடிபோக வேண்டும். அதே தெருக்கோடியில் அப்படிப் பூட்டிய வீடு ஒன்று இருந்தது. போனவர்கள் திரும்பி வரவே இல்லை, சுவரில் எருக்கு முளைத்துவிட்டது. மாயக்காள் தினமும் மோர்ப்பானையோடு அந்த வீட்டைத் தாண்டித்தான் போவார்.

ஆமைதானே, பாம்பா என்று நான் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை நான் போனபோது மாயக்காள் என்னோடு பேசவில்லை. எனக்கு மோரும் வரவில்லை.

ராக்கப்பனும் பயந்துதான் இருந்தார். "வாய்க்கால்ல எத்தனையோ மிதிச்சிருக்கேன், தூக்கி எறிஞ்சிருக்கேன். அங்கன கெடந்தா அது ஆமை, அம்புட்டுத்தான். இங்கன வந்து நெலப்படியப் பாக்குது பாருங்க, அதுதான் ஆகல," என்றார். அவர் பயம் என்ன என்று எனக்கும் தெரிந்தது. வீட்டைப் பூட்டச் சொன்னால் இவர்கள் போக வேண்டிய இடம் மாட்டுக் கொட்டம். அந்தப் புண்ணோடு ஆடி மழையில் மாட்டுக் கொட்டத்தில் கிடந்தால், நான் சொன்ன ஐப்பசி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாயக்காள் ஒரு வழி செய்தார். ஒரு முழ உயரப் பலகை ஒன்றைப் பின்வாசலில் நிலைக்குக் குறுக்கே செருகி வைத்தார். மனிதர்கள் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும், ஆமையால் முடியாது. வெளியே கிளம்புமுன் பலகையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

வைகாசி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாயக்காள் மோர் விற்கப் போய்விட்டார். சங்கிலியம்மாளும் ராஜாத்தியும் பருத்திக் காட்டில். நான் காலையில் போய்ப் புண்ணைக் கழுவினேன். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைச் சமையல்கட்டிலிருந்து தாழ்வாரத்துக்குக் கொண்டுவரும்போது அந்தப் பலகையில் கால் தட்டியது. பாதித் தண்ணீர் என் காலில். பலகையைப் பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு வேலையை முடித்தேன். அடுத்த தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. மருந்துத் தண்ணீர் வைக்கும் என் எனாமல் பேசினைக் கழுவி வெயிலில் காயவைத்து, மத்தியானம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ராக்கப்பனிடம் சொல்லிவிட்டுப் போனேன். பலகையைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன். சுவரில் சாத்தியது நான், மறந்ததும் நான். இதில் வேறு யார் மேலும் பழி இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது ராக்கப்பன் சொல்லி எனக்குத் தெரிந்தது.

உச்சி வெயிலில் அந்தப் பெரிய ஆமை சேற்றை விட்டு ஏறி வந்தது. வாழையடியில் ஈரம் காய்ந்துவிட்டது போலிருக்கிறது. சமையல்கட்டில் தண்ணீர்ப் பானைகள் வைத்த மூலை எப்போதும் ஈரம், அதன் வாசனை எட்டியிருக்க வேண்டும். நேராகப் பின்வாசலைப் பார்த்து நடந்தது. ராக்கப்பன் சூச்சூ என்று விரட்டினார். விசிறியை எறிந்தார். தண்ணீர்ச் செம்பை எறிந்தார். செம்பு முதுகில் பட்டதும் ஆமை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு தலையை நீட்டிச் சிந்திய தண்ணீரை ருசி பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தது. எறிய இன்னும் தலையணை ஒன்றுதான் பாக்கி.

கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். ஆனால் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், பார்த்ததைச் சொல்லியிருப்பார்கள். ஆமை நிலைப்படியில் கிடந்தது என்று ஒருவர் சொன்னால், தெரு முனைக்குப் போவதற்குள் அது அடுப்படியில் கிடந்ததாகிவிடும். அதனால் அவர் கத்தவில்லை. கட்டிலுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. ஆமை முக்கால்வாசி தூரம் போய்விட்டது. ராக்கப்பன் சட்டத்தைப் பிடித்துப் புரண்டு, தரையில் விழுந்தார்.

வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். தெளிந்து பார்த்தால் ஆமை நிலைப்படியில் முன்னங்கால்களை வைத்துவிட்டது. முழங்கையை ஊன்றி இழுத்தார். ஒரு முழம் நகர்ந்தது. மறுபடியும் இழுத்தார். ஊரிலேயே வேகமாக நடக்கிற ஆள் அன்றைக்கு ஓர் ஆமையைப் பிடிக்க முடியாமல் மண்ணில் உரசிக்கொண்டு போனார். அவர் கை நீட்டுவதற்கு ஒரு சாண் முன்னால் அது நிலைப்படியைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவரும் நிலைப்படி மேல் நெஞ்சை இழுத்துப் போட்டு, உள்ளே விழுந்து, சாணி மெழுகிய தரையில் ஊர்ந்து, பானைகளுக்குப் பக்கத்தில் அதை எட்டிப் பிடித்தார். அது கையில் கடித்தது. கைக்கு எட்டிய காலிச் சட்டியை அதன் மேல் கவிழ்த்து, சட்டி மேல் கையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கட்டிலுக்கு அடியிலும் தாழ்வாரத்து ஓரத்திலும் தேடினேன். அப்புறம் உள்ளேயிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

அவர் குப்புறக் கிடந்தார். இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து ரத்தம். நான் முதலில் கேட்டது யார் இறக்கி விட்டது என்பதுதான்.

"யாருமில்ல. கதவச் சாத்துங்க நர்ஸம்மா, மொதல்ல."

சாத்தினேன். "சட்டிக்குள்ள என்ன?"

"அதான்."

"எப்படி வந்தீங்க?"

"எப்படின்னா? அது வருதுன்னு வந்தேன்."

"கையால இழுத்தீங்களா, காலும் சேர்ந்து தள்ளுச்சா?"

"வீட்டுக்குள்ள ஆம பூந்திருச்சுங்கிறேன். நீங்க கையா காலான்னு கேட்டுக்கிட்டு இருக்கீக."

நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். சாணித் தரையில் எல்லாம் எழுதிவைத்தது போல இருந்தது. முழங்கைகள் இழுத்த இரண்டு கோடு, நடுவில் வயிறு இழுபட்ட அகலமான தடம். வலது கால் சும்மா இழுபட்டிருந்தது. இடது பக்கத்தில் அப்படியில்லை. இரண்டு இடத்தில் முழங்கால் ஊன்றித் தள்ளிய குழி இருந்தது. மறுபடியும் கேட்டேன். அவர் யோசித்தார். முகம் மாறியது.

"தள்ளுச்சு போலத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

இன்னொரு தடவை தள்ளச் சொன்னேன். தள்ளினார். என் உள்ளங்கையில் அந்த முழங்கால் அழுத்தியது, லேசாகத்தான். மதுரையில் எழுதிக் கொடுத்தது சரி என்று எனக்கு அப்போதுதான் முழுதாக நம்பிக்கை வந்தது.

அவருக்கு அதைவிட ஆமைதான் பெரிதாக இருந்தது. இது வெளியே தெரிந்தால் அக்கா இன்றைக்கே வீட்டைப் பூட்டிவிடும் என்றார். யாரிடமும் சொல்லாதீக என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் ஆறு வாரத்தில் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் அதைச் சும்மா கொடுப்பதாக இல்லை.

"சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக்குள்ள நான் ஆமையைப் பார்க்கல. ஆனா தினமும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கட்டில்ல இருந்து இந்தப் பானை வரைக்கும் இதே மாதிரி வரணும்."

"வரலன்னா?"

"வரலைன்னா பார்த்தது ஞாபகம் வந்துரும்."

அவர் தலையைத் திருப்பி என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க நர்ஸம்மாவா, போலீசா?"

ஆமையை எடுத்து என் எனாமல் பேசினில் போட்டு, கட்டுத் துணியால் மூடினேன். அவரைத் தூக்க என்னால் மட்டும் முடியாது. முழங்கைகளைக் கழுவிக் கொண்டிருக்கும்போதே முன்வாசலில் மோர்ப்பானை இறங்கும் சத்தம் கேட்டது. மாயக்காள் உள்ளே வந்து நின்றார். தரையில் கிடக்கும் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான்தான் இறக்கிவிட்டேன், இது பயிற்சி என்றேன். இப்படித் தோல் உரிய இழுத்தா பயிற்சி கொடுப்பார்கள் என்று அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே மறுபக்கம் பிடித்துத் தூக்க, இருவருமாக அவரைக் கட்டிலில் குப்புறப் போட்டோம். நான் பேசினை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துணிக்கு அடியில் பிராண்டுகிற சத்தம் எனக்கே நன்றாகக் கேட்டது. மாயக்காள் அதைப் பார்த்தார். என்ன அது என்று கேட்டார். கத்தரிக்கோலும் இடுக்கியும் என்றேன். அவர் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். நான் நேராக முல்லையாற்றுக்குப் போய், பாறைக்கு அடியில் தண்ணீர் நின்ற ஒரு கசத்தில் அதை விட்டுவிட்டு, பேசினை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

சனிக்கிழமை போனபோது சமையல்கட்டுத் தரை புதிதாகச் சாணி மெழுகியிருந்தது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மெழுகுவது வழக்கம். ஆனால் இது செவ்வாய்க்கிழமை மத்தியானமே மெழுகியது என்று ராக்கப்பன் சொன்னார், அக்கா வந்ததும் வராததுமாகத் தரையெல்லாம் குண்டும் குழியுமா இருக்கு என்று வாளியை எடுத்துவிட்டதாம். துவைகல்லும் இடம் மாறியிருந்தது. இரண்டு கூலியாட்களை வைத்து அதைத் தோட்டத்துக் கடைசிக்கு உருட்டிக்கொண்டு போய்ப் போட்டு, பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு குழியும் வெட்டியிருந்தார் மாயக்காள். ஏன் என்று கேட்டதற்கு, அங்கன புதுசா நாலு வாழை வைக்கணும் ஆத்தா என்றார். என்னோடு மறுபடியும் முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான். மோரும் கொடுத்தார்.

ராக்கப்பன் பேச்சைக் காப்பாற்றினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராஜாத்தி பக்கத்தில் தவழ்ந்து காட்டிக் கேலி செய்வாள், அப்பா தோற்றால் சொல்லிச் சிரிப்பாள். பார்க்க வந்த ஊர்க்காரர்களிடம், மடைக்குள்ள எறங்குறவன் தரைக்கு வெக்கப்படுவானா என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆறு வாரம் என்னிடம் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, நானும் ஞாபகப்படுத்தவில்லை. முதுகை விட்டு எழுந்ததும் புண் ஓரத்திலிருந்து சிவந்து ஆறத் தொடங்கியது. ஆனிக் கடைசியில் முழங்கால் போட்டு நின்றார்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாகத்தான் திறந்தார்கள். வேறு நீர்பாய்ச்சியைப் போடலாமா என்று ஊரில் பேச்சு வந்தபோது, ராக்கப்பன் தன்னை மாட்டு வண்டியில் ஏற்றித் தலைமடைக்குக் கொண்டுபோய் இறக்கச் சொன்னார். கரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, அடைப்பைத் தானே எடுத்தார். பிறகு வண்டியிலேயே போய் ஒவ்வொரு மடையாகத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கணக்கு அவர் தலைக்குள்தானே இருந்தது. இனி வேறு ஆள் என்று பேசியவர்களே வண்டிக்கு முறை வைத்து மாடு கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் இரண்டு கம்பு ஊன்றி நடந்தார். மூன்றாம் வருஷம் ஒரு கம்பு போதும் என்றாகிவிட்டது. அந்தக் கம்பை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை. ஊன்ற வேண்டாத நாட்களிலும் சம்சாரிகளை மிரட்ட அது உதவியது. நாற்பதாம் வருஷம் சங்கிலியம்மாளுக்கு ஒரு பையன் பிறந்தான். பிரசவம் பார்த்ததும் நான்தான், சிரமமில்லாத பிரசவம்.

1943-இல் மாயக்காள் நெல் அவித்த தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டார். கட்டு மாற்ற நான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீட்டில் வேறு யாரும் இல்லை. புண்ணில் கை வைத்தால் வலி தெரியாமல் இருக்க அவர் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு என் எனாமல் பேசினைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கத்தரிக்கோலுக்கு நகம் உண்டா ஆத்தா?"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையை நிறுத்தினேன்.

நீ கட்டுப்போடு என்று சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார். அன்றைக்கு உள்ளே வந்து நின்றபோதே தரையைப் பார்த்துவிட்டாராம். தம்பி இழுத்துக்கொண்டு வந்த தடம், அதற்குப் பக்கத்தில் நகம் பதித்த சின்னச் சின்ன அடிகள், பானை மூலை வரைக்கும். சங்கிலியம்மாள் வந்து பார்க்குமுன் அழித்துவிட வேண்டும் என்றுதான் கிழமை பார்க்காமல் வாளியை எடுத்தாராம். ஆமைகள் இனி வாசல் பக்கம் வர வேண்டாம் என்றுதான் துவைகல்லையும் குழியையும் தோட்டக் கடைசிக்குக் கொண்டுபோனாராம். கோடையானால் அவை இன்றைக்கும் அந்தக் குழிக்குத்தான் வருகின்றன, நானும் பார்த்திருக்கிறேன்.

"நீங்க ஏன் வீட்டைப் பூட்டல?" என்று கேட்டேன்.

"பூட்டத்தான் நெனச்சேன். ஒரு தடம் ஆமை வந்தது. இன்னொரு தடம் என் தம்பி எறங்கி வந்தது. ஒண்ணச் சொன்னா இன்னொண்ணும் அழிஞ்சு போகும்ல. நல்லது எதுவோ அது நிக்கட்டும்னு ரெண்டையும் மெழுகிட்டேன்." காலை எனக்கு வாகாக நகர்த்தி வைத்தார். "ஆனா ஒரு வருசம் தூங்கல ஆத்தா. தெனம் எந்திரிச்சு வீடு நிக்குதா, அவன் மூச்சு விடுறானான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

தம்பிக்கு இது தெரியுமா என்றேன். தெரியாது, சொல்லாதே, பயந்துகொள்வான் என்றார்.

கட்டு முடித்து நான் வெளியே வந்தபோது ராக்கப்பன் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தார். கம்பு தோளில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே ஊன்றி, வேலிப் பக்கமாக ஒதுங்கி, இந்த ஆறு வருஷமாக என்னைத் தனியே பார்க்கும்போதெல்லாம் கேட்கிற அதே கேள்வியை அடங்கிய குரலில் கேட்டார்.

"அக்கா அதப்பத்தி ஏதும் கேட்டுச்சா நர்ஸம்மா?"

"ஒண்ணும் கேட்கல," என்றேன். பொய்யில்லை. மாயக்காள் கேட்டது கத்தரிக்கோலைப் பற்றித்தான்.